கோழிக்கறியும் என் அரிவாள்மணையும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழிக் குழம்புதான். மாமனார் காலத்திலிருந்து வரும் வழக்கம். கறி வாங்கி வருவது என் கணவர். கழுவித் துண்டு போட்டு, மஞ்சள் தடவி வைப்பது நான். இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்றுதான் போன வருஷம்வரை நினைத்திருந்தேன்.

போன ஆடி மாசம் என் நாலு வயது மகளுக்குக் காய்ச்சல். ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் "எரியுதும்மா" என்று அழுதாள். டாக்டரம்மா சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஆன்டிபயாடிக் மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் வேளை தவறாமல் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. நாலாம் நாள் 103 டிகிரி! குழந்தை துவண்டு தோளில் கிடந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் சோதனை முடிவு வந்தது. மருந்தின் பெயருக்கு நேரே 'எஸ்' என்றிருந்தால் கிருமி அதற்குக் கட்டுப்படும். 'ஆர்' என்றிருந்தால் கட்டுப்படாது. பாதிக்கு மேல் 'ஆர்'தான்! நான் கொடுத்த மருந்தும் அதில் ஒன்று. 'எஸ்' போட்டிருந்த ஊசி மருந்தை ஏற்றிய பிறகுதான் குழந்தை எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள்.

"இவளுக்கு நான் அதிகம் மருந்தே கொடுத்ததில்லையே டாக்டர்?"

"இது ஈ-கோலை, குடல்ல இருக்கிற கிருமி. மருந்துக்கு அடங்காத கிருமி வர்றதுக்கு நாமே மருந்து சாப்பிட்டிருக்கணும்னு இல்லைம்மா. மத்தவங்ககிட்டேயிருந்து வரலாம், தண்ணியில வரலாம், பச்சைக் கறியிலேயும் வரலாம். உங்க குழந்தைக்கு எதனால வந்ததுன்னு கைகாட்டிச் சொல்ல முடியாது" என்றார்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்ற டாக்டர், ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் மருந்து கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தாராம். ஒரு வாரத்துக்குள் கோழிக் குடலில் இருந்த கிருமிகள் அநேகமாக எல்லாம் அந்த மருந்துக்கு அடங்காதவை ஆகிவிட்டன. ஐந்தாறு மாதத்தில் பண்ணை வீட்டு மனிதர்கள் பலரின் குடலிலும் அதே கதை! இதை 1976-லேயே எழுதிவிட்டார். மருந்துத் தீவனத்தை நிறுத்தி ஆறு மாதமானதும் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமிகள் மறைந்தும் போயின.

ஒரே கொட்டகையில் ஆயிரக்கணக்கில் வளரும் கோழிகளுக்கு நோய் வராமலிருக்கவும், சீக்கிரம் எடை ஏறவும் மருந்தைத் தீவனத்தில் கலக்கிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து போனால் சோனிக் கிருமிகள் சாகும். தாங்குகிற கிருமிகள் மிஞ்சிப் பெருகும். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டினைக்கூட இப்படிக் கோழிக்குக் கொடுத்து வந்தார்கள். 2019 ஜூலையில்தான் நம் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

அன்றிரவு ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து என் சமையலறையை நினைத்துப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டுக் கறியை அலசுவேன், சுற்றிலும் தெறிக்கும். கறி நறுக்கிய அரிவாள்மணையை வெறும் தண்ணீரில் காட்டிவிட்டு, அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவேன். முதல் துண்டு மகள் வாய்க்குத்தான் போகும்! எனக்கு நெஞ்சு பகீரென்றது.

"அப்போ கோழியே வேண்டாமா டாக்டர்?" என்று மறுநாள் கேட்டேன்.

சிரித்தார். "மருந்துக்கு அடங்காத கிருமியும் அடுப்புக்கு அடங்கும்மா. உள்ளே வரைக்கும் நல்லா வெந்த கறியில பயமில்லை. அடுப்பில் ஏத்தறதுக்கு முன்னாடிதான் ஜாக்கிரதை வேணும். கடையிலேயே சுத்தம் பண்ணிக் கொடுத்தால் மறுபடி கழுவவே வேண்டாம்."

"கழுவாத கறியா?" என்று அத்தை முகம் சுளித்தார். கடைசியில் ஒரு சமாதானம்: குழாயடியில் அலசாமல், பாத்திரத்துத் தண்ணீரில் தெறிக்காமல் அலசி, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். கறிக்கென்று தனிக் கத்தி, தனிப் பலகை. பச்சைக் கறியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உப்பு ஜாடியைக்கூடத் தொடுவதில்லை. ஃபிரிட்ஜில் கறிக்கு மூடி போட்ட பாத்திரம், அதுவும் கீழ்த்தட்டில். மிச்சமிருந்த பழைய ஆன்டிபயாடிக் பாட்டில்களை "சளிக்கு ஆகும்" என்று எடுத்து வைக்கும் பழக்கத்தையும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இப்போதும் மணக்கிறது. வரிசைதான் மாறியிருக்கிறது, சகோதரிகளே: முதலில் வெள்ளரிக்காய், அப்புறம்தான் கோழி!