மீண்டும் கட்டும் கைகள்

நுழையும்முன்

பயணம் காணாத ஊர்களைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. நாம் நெடுங்காலமாகக் கொண்டிருக்கும் கருத்துகளையும் உரைத்துப் பார்க்கச் செய்கிறது. தீயாலும் நிலநடுக்கத்தாலும் போராலும் பலமுறை அழிவைக் கண்ட ஒரு நாடு தன் பழமையை எவ்வாறு காத்துவருகிறது? முதுகில் ஒரு பையுடன் ஜப்பானின் நகரங்களிலும் கோயில்களிலும் நடந்து திரிந்த ஓர் இளைஞரின் அனுபவம் இக்கேள்விக்கு விடை தேடுகிறது.

கல்வியியல் பட்டம் பெற்றுப் பணிவாய்ப்பை எதிர்நோக்கியிருந்த காலம். கியோட்டோ நகரில் ஆராய்ச்சி மாணவராக இருந்த என் பெரியப்பா மகன், விமானப் பயணச்சீட்டை அனுப்பி என்னை அழைத்தார். 1994ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டோக்கியோவில் இறங்கினேன். முதுகுப்பையில் இரண்டு மாற்றுடைகள், ஒரு கம்பளிச் சட்டை, ஒரு சொற்கையேடு. சட்டைப்பையில் எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய பணம். இளைஞர் விடுதிகளில் உறக்கம். 'ஓனிகிரி' என்னும் சோற்றுருண்டையே பெரும்பாலும் உணவு. 'ஷின்கான்சென்' என்னும் அதிவிரைவு வண்டியின் கட்டணம் என் கைக்கு எட்டாததால், நின்று நின்று செல்லும் தொடர்வண்டிகளிலும் இரவுப் பேருந்துகளிலுமே பயணம் செய்தேன். மெல்லச் சென்றதால்தான் ஒரு கேள்வி என்னோடு நெடுந்தொலைவு வந்தது.

நறும்புகையும் கற்காரையும்

டோக்கியோவின் அசகுசா பகுதியிலுள்ள சென்சோஜி, அந்நகரின் மிகப் பழைய பௌத்தக் கோயில். கி.பி. 628இல் ஆற்றில் வலைவீசிய மீனவர் இருவருக்குக் கிடைத்த சிலையே இக்கோயிலின் தொடக்கம் என்பது மரபுவழிச் செய்தி. 'கமினரிமோன்' என்னும் வாயிலில் தொங்கும் மாபெரும் சிவப்பு விளக்கைக் கடந்து, கடைத்தெருவின் வழியே சென்றால் கோயில் முற்றம் வரும். அங்கே பெரிய வெண்கலக் கலத்திலிருந்து நறும்புகை எழுந்துகொண்டிருந்தது. மூதாட்டி ஒருவர் அப்புகையை இரு கைகளாலும் அள்ளித் தம் முழங்காலில் தடவிக்கொண்டார். நோயுற்ற உறுப்புக்கு அது நலம் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. என்னையும் அவ்வாறே செய்யுமாறு சைகை காட்டினார். பையின் சுமையால் வலித்த தோளில் தடவிக்கொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பின் மண்டபத்தின் தூணைத் தொட்டேன். மரமன்று, கற்காரை! 1945 மார்ச்சில் நிகழ்ந்த வான்தாக்குதலில் பழைய மரக்கோயில் எரிந்துபோயிற்று. இன்றுள்ள மண்டபம் 1958இல் கட்டப்பட்டது. 1865இல் தீக்கிரையான வாயிலும் 1960இல்தான் மீண்டும் எழுந்தது. நானோ ஆயிரம் ஆண்டுக் கருங்கல் தூண்களைத் தொட்டு வளர்ந்தவன். அன்றைய சிற்பியின் உளி பட்ட அதே கல்லைத்தான் நாம் பழமை என்கிறோம். என்னைவிடப் பத்து வயதே மூத்த இம்மண்டபத்தை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கோயிலாக அம்மூதாட்டி எவ்வாறு வணங்குகிறார்? இந்தக் கேள்வியோடு கியோட்டோ செல்லும் இரவுப் பேருந்தில் ஏறினேன்.

பொன் மண்டபம்

கியோட்டோவில் என் அண்ணன் முதலில் அழைத்துச் சென்ற இடம் கின்ககுஜி என்னும் பொன் மண்டபம். மேலிரு தளங்களிலும் பொற்றகடு போர்த்திய அம்மண்டபம் குளத்து நீரில் தலைகீழாக மிதந்தது. கரையெங்கும் மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. அஷிகாகா யோஷிமிட்சு என்னும் ஷோகன் 1397இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. அவர் மறைவுக்குப் பின் ஸென் கோயிலாயிற்று. நகரின் பெரும்பகுதியை எரித்த ஓனின் போரிலும் பிழைத்த அம்மண்டபத்தை, 1950 ஜூலையில் அக்கோயிலைச் சேர்ந்த இளந்துறவி ஒருவரே தீயிட்டு அழித்தார். 1955இல் அது முன்பிருந்த வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது.

"அப்படியானால் நாம் காண்பது அசலா, நகலா?" என்று கேட்டேன்.

"தம்பி, இவ்வூரார் எவரும் அப்படிக் கேட்டு நான் அறியேன். இசேவுக்குப் போகிறாய் அல்லவா? அங்கே சென்று கேள்" என்றார் அண்ணன்.

கண் திறந்த தூரிகை

கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள நாரா, எட்டாம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகரம். மான்கள் அச்சமின்றி மனிதரோடு நடக்கும் பூங்காவைக் கடந்து தோதாய்ஜி கோயிலை அடைந்தேன். ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் அங்கே அமர்ந்திருக்கிறார். மண்டபத்துத் தூண் ஒன்றின் அடியில், புத்தரின் மூக்குத்துளை அளவினதாகச் சொல்லப்படும் ஒரு துளை உண்டு. பள்ளிச் சிறுவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதனுள் நுழைந்து வெளிவந்து ஆரவாரித்தனர்.

இப்புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் ஓர் இந்தியர் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி. 736இல் ஜப்பானை அடைந்த போதிசேனர் என்னும் துறவியே அவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நீலப் பட்டுக்கயிறு கட்டப்பட்டிருந்தது. கூடியிருந்தோர் அக்கயிற்றைப் பற்றிக்கொண்டு, கண் திறக்கும் செயலில் தாமும் பங்கேற்றனர். ஒரு கை வரைந்தது. பல கைகள் பற்றியிருந்தன.

1180இல் உள்நாட்டுப் போரில் கோயில் எரிந்தது, சிலையும் சிதைந்தது. சிலையைச் செப்பனிட்டு 1185இல் மீண்டும் கண் திறந்தபோது, மேனாள் பேரரசர் கோ-ஷிரகவா பயன்படுத்தியது போதிசேனரின் கையிலிருந்த அதே தூரிகைதான். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காத்து வைத்திருந்தனர்! ஷோசோயின் கருவூலத்தில் அத்தூரிகையும் கயிறும் இன்றும் உள்ளன. 1567இல் மண்டபம் மீண்டும் எரிந்தது. இன்றுள்ள மண்டபம் 1709இல் நிறைவுற்றது. முன்னதைவிட அகலத்தில் சிறியது. சிலையின் தலை ஒரு காலத்தது. கைகள் வேறொரு காலத்தவை. பீடத்துத் தாமரை இதழ்கள் சில எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயினும் அவர் ஒரே புத்தர்தான்.

தெரிந்து தெளிவோம்

நாராவுக்கு அருகிலுள்ள ஹோர்யூஜி கோயிலில், உலகில் இன்று நிலைத்திருக்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையவை உள்ளன. தூணில் இற்றுப்போன பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அவ்விடத்தில் புதுமரத்தைப் பொருத்தி இணைக்கும் தச்சுக்கலையே அவற்றை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் காத்துவருகிறது.

இருபது ஆண்டுக்கு ஒருமுறை

இசே, ஷிண்டோ நெறியினரின் தலையாய திருத்தலம். கதிரவத் தெய்வமாகிய அமதெராசு உறையும் இடம். அங்கு ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றில் கோயில் இருக்கும். மற்றொன்று வெற்றிடமாக இருக்கும். இருபது ஆண்டுக்கு ஒருமுறை வெற்றிடத்தில் அதே அளவில், அதே வடிவில் புதுக்கோயில் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்து, பழையதைப் பிரித்துவிடுவர். 690இல் தொடங்கிய இம்மரபு, உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டும் மீண்டும் உயிர்பெற்றது. 1993இல் நிகழ்ந்தது 61ஆவது புதுப்பித்தல். நான் சென்றபோது புதுக்கோயிலுக்கு வயது ஒன்று. வேலிகளுக்கு அப்பால் கூரையின் முகடு மட்டுமே தெரிந்தது. இளம்பொன் நிறத்து மரம் வெயிலில் ஒளிர்ந்தது.

நான் தங்கிய சிறு விடுதிக்குத் தேநீர் அருந்த வந்த முதியவர் ஒருவர், அத்திருப்பணியில் பங்கேற்ற தச்சர். விடுதி உரிமையாளரின் மகள் ஆங்கிலம் அறிந்தவர். எங்கள் இருவர்க்கும் இடையே மொழிபெயர்த்தார். அண்ணன் விடுத்த கேள்வியை அம்முதியவரிடம் கேட்டேன். அவர் மூன்று விரல்களை நீட்டினார்.

"1953இல் நான் மரம் சுமந்து, உளி தீட்டிக் கற்றுக்கொண்டேன். 1973இல் கட்டினேன். 1993இல் கற்றுக்கொடுத்தேன். கோயில் ஐந்நூறு ஆண்டு அசையாமல் நின்றால் நான் யாரிடம் கற்பேன்? யாருக்குக் கற்பிப்பேன்?"

இருபது ஆண்டு என்னும் கணக்கின் பொருள் அப்போது விளங்கிற்று. ஒரு மனிதன் கற்று, செய்து, கற்பிப்பதற்கு அவன் வாழ்நாளில் இடமளிக்கும் கால அளவு அது. கட்டடம் மட்டுமன்று, வாள், ஆடை, நெசவு என 1,576 பொருள்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கின்றனர். பழைய கோயிலின் மரங்களும் வீணாவதில்லை. நாட்டின் பிற கோயில்களுக்கு அவை சென்று சேர்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் தேவைப்படும் சைப்ரஸ் மரங்களை இன்றே காட்டில் வளர்த்துவருகின்றனர். நட்டவர் எவரும் அம்மரத்தின் பயனைக் காணப்போவதில்லை.

கட்டாமல் விட்ட ஒன்று

இசேயிலிருந்து ஒரு பகல் முழுவதும் வண்டி மாறி மாறிச் சென்று ஹிரோஷிமாவை அடைந்தேன். 1945 ஆகஸ்டு 6, காலை 8.15 மணிக்கு வீசப்பட்ட ஓர் அணுகுண்டால் அழிந்த நகரம். அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் உயிரிழந்தனர். எரிந்து கிடந்த அந்நகரில் மூன்றே நாள்களில், ஆகஸ்டு 9ஆம் நாள், ஒரு பகுதித் தடத்தில் டிராம் வண்டி மீண்டும் ஓடியது. இடிந்த கோட்டையின் கோபுரத்தை 1958இல் கட்டி எழுப்பினர். எல்லாவற்றையும் மீண்டும் கட்டிய அந்நகரம், ஒன்றை மட்டும் கட்டவில்லை.

ஆற்றங்கரையில் 1915இல் எழுந்த பொருட்காட்சி மாளிகை, கூரை எரிந்து, குவிமாடத்தின் இரும்பு எலும்புக்கூட்டுடன் நின்றது. துயரத்தை நினைவூட்டும் அதனை இடித்துவிட வேண்டும் என்றனர் சிலர். காக்க வேண்டும் என்றனர் சிலர். ஒரு வயதில் அணுக்கதிர் வீச்சுக்கு ஆளாகி, 1960இல் பதினாறாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தவர் கஜியாமா ஹிரோகோ என்னும் மாணவி. அணுகுண்டின் கொடுமையை உலகுக்கு என்றென்றும் சொல்ல அக்கட்டடம் ஒன்றுதானே இருக்கும் என்னும் கருத்தை அவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார். அதைப் படித்த சிறுவர் குழு ஒன்று தெருவில் நின்று கையெழுத்தும் நிதியும் திரட்டியது. 1966இல் நகரமன்றம் அதனைக் காக்கத் தீர்மானித்தது. 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சிதைவைச் சிதைவாகவே நிற்கவைப்பதும் எளிய பணியன்று. சுவர் சரியாதபடி உட்புறம் எஃகுத் தாங்கிகள் நிறுத்தப்பட்டுள்ளன. விரிசல்களுக்குப் பிசின் செலுத்தப்பட்டுள்ளது. பொன் மண்டபத்தைப் பழையபடி எழுப்பிய அதே அக்கறை, இங்கே ஒரு செங்கல்லும் கூடாமல் குறையாமல் காக்கிறது. நான் நின்றிருந்தபோது சீருடை அணிந்த மாணவர்கள் ஆசிரியருடன் வந்தனர். ஒருவரும் பேசவில்லை.

எதைக் காப்பது?

காலம் அழிக்கும், மனிதரும் அழிப்பர். அழிந்தபின் எதை மீண்டும் எழுப்புவது, எதை அழிவின் சான்றாக விட்டுவைப்பது என்று தேர்வதே ஒரு மக்களின் அறிவு. எழுப்பியவற்றுள் கைத்திறன் வாழ்கிறது. எழுப்பாது விட்டதில் நினைவு வாழ்கிறது. இரண்டையும் ஒருவர் அடுத்தவர் கையில் ஒப்படைத்தாக வேண்டும். தோதாய்ஜியின் பட்டுக்கயிற்றைப்போல, பற்றுவதற்குக் கைகள் இருக்கும்வரைதான் பழமைக்கு உயிருண்டு.

இசேயில் 62ஆவது புதுப்பித்தல் 2013இல் நிறைவேறியது. முதிய தச்சரிடம் உளி தீட்டக் கற்ற இளைஞர்கள் அப்போது கட்டியிருப்பார்கள். அடுத்தது 2033இல் வரும். மாணவர்களே, அன்று நீங்கள் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பீர்கள். உங்கள் ஊரின் நெசவோ, வனைவோ, பண்ணோ, மொழியோ எதுவாயினும், அதைச் செய்பவர்களாக இருக்க வேண்டிய வயது அது. அதற்குக் கற்க வேண்டிய வயது இதுவே.