இருபது என்னும் எண்

செவிலியர் பட்டப்படிப்பில் மூன்றாமாண்டு பயிலும் என் ராத்தாவின் மகள், சென்ற விடுமுறையில் தன் ரெக்கார்டு நோட்டை என்னிடம் நீட்டி, "கையெழுத்து நல்லா இருக்கா பாருங்க மாமா" என்றாள். சர்க்கரை நோயால் காலில் புண் கண்ட முதியவர் ஒருவரைப் பற்றிய கேஸ் ஸ்டடி அது. முதற் பக்கத்தில் இடக்காலில் இருந்த புண், ஆறாம் பக்கத்தில் வலக்காலுக்கு மாறியிருந்தது. விடைத்தாள் திருத்திப் பழகிய கண்ணுக்கு இது தப்புமா?

கேட்டேன். பாதிக்குமேல் சீனியர் ஒருத்தியின் நோட்டிலிருந்து எடுத்தது என ஒப்புக்கொண்டாள். முதியவரைக் கண்டதும், கட்டு மாற்றுகையில் உடனின்றதும் உண்மை. எழுதியது மட்டும் வேறொருவர் கால். "வார்டு முடிஞ்சு விடுதிக்கு வந்தா நிக்கவே முடியாது மாமா. எல்லாரும் இப்படித்தான்" என்றாள். அதில் நியாயம் இல்லாமலில்லை. பக்கங்களை எண்ணி மதிப்பெண் இடும் ஆசிரியர் கூட்டத்தில் நானும் ஒருவன்தானே!

ஆயினும் சினம் மூண்டது. சில ஆண்டுகளுக்கு முன் வாப்பா நிமோனியா கண்டு ஒரு மருத்துவமனையில் இருந்தார்கள். கட்டிலில் தொங்கிய சார்ட்டை நாள்தோறும் படிப்பேன். எழுத்தைக் கண்டால் விடாத தொழில்நோய். வெப்பமும் நாடியும் ஏறியிறங்கின. சுவாசம் மட்டும் காலை, மாலை, நள்ளிரவு எப்போதும் 20. மூன்றாம் நாளிரவு வாப்பா மூச்சுக்குத் திணறிய வேளையிலும் தாளில் 20 தான். பணியிலிருந்த மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுதும் எண்ணினார்: 36. உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றனர். வாப்பா பிழைத்தார்கள்.

நோயாளியின் நிலை சரிவதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகளுள் சுவாச எண்ணிக்கை தலையாயது என்றும், எண்ணாமலே எழுதப்படுவதும் பெரும்பாலும் அதுவே என்றும் பின்னர்ப் படித்தறிந்தேன். எண்ண ஒரு நிமிடம் வேண்டும். 20 என்றெழுத ஒரு நொடி போதும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைப் பொறுத்துக்கொள்கின்றன. 60-ஐத் தாண்டினால் மாணவரின் பதிவையே நீக்கச் சொல்கின்றன. இரவல் சொல்லைக் கணிப்பொறி பிடித்துவிடும். எண்ணப்படாத மூச்சை எந்தப் பொறி பிடிக்கும்? கிரிமியப் போரின்போது, 1854-இல் ஸ்கூட்டாரி சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்குக் கண்ட சீர்கேடுகளுள் ஒன்று, இறந்தோரைக் குறித்த பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒவ்வாமை. காயத்தினும் நோயே படைவீரரை மிகுதியாய்க் கொன்றதென எண்களால் நிறுவியவர் அவர். விளக்கை நினைக்கும் நாம் அவரது பேரேட்டை மறந்துவிட்டோம்.

இவற்றையெல்லாம் பொறுமையாய்க் கேட்டவள், "நீங்க எதையும் பார்த்து எழுதினதே இல்லையா மாமா?" என்றாள்.

என் எம்.ஃபில். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில், நான் கண்ணாலும் காணாத பழம்பதிப்பொன்றை, பிறர் நூலின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்து, நேரில் பார்த்ததுபோற் குறித்திருக்கிறேன். அவர் பிழையாய் இட்ட பதிப்பாண்டே என் ஏட்டிலும் உள்ளது. வாய்மொழித் தேர்வில் எவரும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து அப்பக்கத்தைக் காட்டினேன்.

நெடுநேரம் பார்த்திருந்தாள். பின் தன் நோட்டின் ஆறாம் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, "புண்ணோட அளவை நான் குறிச்சு வைக்கலையே மாமா, அவரும் வீட்டுக்குப் போயிருப்பார். என்ன எழுத?" என்றாள்.

அவ்விடத்தை வெறுமையாக விடச் சொன்னேன்.