மறைச் சுட்டியும் மலை வேலையும்

பசறையிலிருந்து பிபிலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் லுணுகலை. பட்டணத்துக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். சாதாரண தரம் வரை படித்தவள் நான். கணிதத்தில் சித்தியடையாததால் படிப்பு அத்தோடு நின்றது.

போன மாதம் ஒரு மாலை, மகள் கணிதக் கொப்பியை மூலையில் வீசினாள். "எனக்குக் கணக்கு வராதும்மா. நான் கொழும்புக்கு வேலைக்குப் போறேன்" என்றாள். எனக்குப் பகீரென்றது. இதே பேச்சை நானும் என் அம்மாவிடம் பேசியவள்தானே!

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக இங்கே அ, இ என்று எழுதுகிறேன். (அ⁻¹ + இ⁻¹)⁻¹ என்பதைச் சுருக்க வேண்டும். மகள் எழுதிய விடை அ + இ. சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தது. உள்ளே ஒரு மறை, வெளியே ஒரு மறை, இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும் என்பது அவள் எண்ணம். அந்தக் காலத்தில் நானும் இப்படித்தான் எழுதினேன்.

பாடப்புத்தகத்தை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். 3² என்றால் 9. சுட்டி ஒன்று குறைந்தால் 3. இன்னும் ஒன்று குறைந்தால் 1. ஒவ்வொரு படியிலும் மூன்றால் வகுபடுகிறது. "அப்ப அடுத்த படி?" என்றேன். "மூன்றில் ஒரு பங்கு" என்றாள். அதுதான் 3⁻¹. மறைச் சுட்டி கடனைக் காட்டவில்லை, பங்கைக் காட்டுகிறது.

அந்த வாரம் நானும் பக்கத்துக் காம்பரா அக்காவும் ஒரு துண்டு மலையில் புல்லு வெட்டக் கொந்தரப்பு எடுத்திருந்தோம். "நான் தனியே வெட்டினா 3 நாள். முழங்கால் வலியோட அக்கா தனியே வெட்டினா 6 நாள். ரெண்டு பேரும் சேர்ந்தா உன் விடைப்படி 9 நாளா?" என்று கேட்டேன். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு நாளில் என் பங்கு 1/3, அக்காவின் பங்கு 1/6. கூட்டினால் பாதி மலை. அதைத் தலைகீழாக்கினால் 2 நாள். கொப்பியில் இருந்ததும் இதே கணக்குத்தான். 1/அ + 1/இ என்பதைப் பொதுப் பகுதி கண்டு (அ + இ)/அஇ என்று ஒன்றாக்கி, பிறகு தலைகீழாக்க அஇ/(அ + இ) வந்தது. 3, 6 என்று போட்டுப் பார்த்தாள். 18/9, அதாவது 2.

பெருக்கலால் சேர்ந்தவற்றைத் தனித்தனியே தொகுதிக்கும் பகுதிக்கும் மாற்றலாம். கூட்டலால் சேர்ந்தவற்றை முதலில் ஒன்றாக்கிய பிறகே புரட்ட வேண்டும். இந்த ஒரு விஷயம் எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஐசக் நியூட்டன் 1676-ல் எழுதிய கடிதமொன்றிலேயே மறைச் சுட்டிகளைக் கையாண்டார் என்று மறுநாள் ஆசிரியை சொன்னாராம். நியூட்டனுக்கும் எங்கள் புல்லு மலைக்கும் கணக்கு ஒன்றுதான்!

பரீட்சை இன்னும் வரவில்லை. கொழும்புப் பேச்சு மட்டும் நின்றிருக்கிறது. சகோதரிகளே, நமக்கென்ன தெரியும் என்று பிள்ளையின் கொப்பியை மூடிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.