ஒரு பட்டனுக்குப் பேர் வைத்த கதை

செமஸ்டர் லீவுக்கு கோவில்பட்டி வந்தபோது, குறிப்பு எடுத்து வைக்கிற சின்ன மென்பொருள் ஒன்று எழுதினேன். அம்மா தையல் வேலை பார்க்கிறவள். ஜாக்கெட் அளவு, பாக்கி, கொடுக்க வேண்டிய தேதி எல்லாம் ஒரு பழைய டைரியில் இருக்கும். அதை அவள் போனில் ஏற்றிக் கொடுக்க ஆசை.

எல்லாம் ஓடியது. ஒரே ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே சேர்க்கிற ஒவ்வொன்றுக்கும் என்ன பேர்?

பாடப்புத்தக ஞாபகத்தில் 'புதிய அலகு' என்று போட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "ஏய்யா, அலகுன்னா கோழிக்கு இருக்குமே, அதுதான?" என்றாள். :-)

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்ட டிட்லிவிக்கியில் அதற்குப் பேர் 'டிட்லர்', அதாவது குட்டி மீன். அழகுதான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு முதலில் அர்த்தம் சொல்லியாக வேண்டும். ஆப்பிளின் ஹைப்பர்கார்டில் (1987) 'கார்டு'. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 சீட்டுகள் எழுதிப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். ஆகா, 'சீட்டு'! சின்னச் சொல், தமிழ்ச் சொல். உடனே மாற்றினேன்.

அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் காலேஜ் ஃபீஸுக்காக அவள் மாதாமாதம் ஏலச்சீட்டு கட்டி வந்தாள். பிடித்தவர் ஒருநாள் ஊரைவிட்டே போய்விட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லை எடுப்பதில்லை.

எங்கள் பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். சொற்களை அவர் உண்டாக்கவில்லை. சம்சாரிகள் வாயில் புழங்கியதைக் கேட்டுத் தொகுத்தார். நானோ, பக்கத்திலேயே இருந்த அம்மாவைக் கேட்காமல் ஜெர்மனி வரை போயிருக்கிறேன்.

கேட்டேன். "டைரியில எழுதுறதுக்கு நீ என்னம்மா சொல்லுவ?"

"என்னத்தச் சொல்ல? குறிச்சு வைப்பேன்."

இப்போது பட்டனில் 'குறிச்சு வை' என்று இருக்கிறது. உள்ளே போய்ச் சேருவது 'குறிப்பு'. முதல் வரியில் நானே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்!

நேற்று ராத்திரி அம்மா முதல் குறிப்பைப் போட்டாள். ஒரு ஜாக்கெட் அளவு. பாக்கி 150 ரூபாய்.