தகர டப்பாவில் ஒன்பது ஃபுட்

2018 ஆகஸ்டில் பெரியாறு கொச்சிக்குப் பக்கத்து ஏலூருக்குள் புகுந்து வடிந்த பிறகு, சேறு அப்பிய வீட்டில் நான் முதலில் இழுத்துத் திறந்தது தையல் மெஷினின் இழுப்பறையைத்தான். கோவில்பட்டியில் பாட்டி வாங்கிய சிங்கர் மெஷின். அம்மா அதில் தெருவுக்கே ரவிக்கை தைத்தாள். கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது அதுவும் என்னோடு வந்தது. இழுப்பறைக்குள் ஒரு தகர டப்பா, அதற்குள் ஒன்பது ஃபுட். துருவும் சேறுமாக ஒன்பதும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. சுவரில் இடுப்பளவுக்கு நின்ற தண்ணீர்க் கறையைப் பார்த்து அழாத நான், அந்த டப்பாவைப் பார்த்து அழுதேன்.

தைத்துப் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊசியின் இரு பக்கமும் துணியை அமுக்கிப் பிடித்திருக்கிற இரும்புப் பாதம்தான் ஃபுட். பாடப் புத்தகத்தில் அழுத்து பாதம் என்று இருக்கும். தையல்கடையில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. துணியை நகர்த்துவது அடியில் தட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் பல். எழும்பி, தள்ளி, தாழ்ந்து, பின்வாங்கி என்று நாலு அசைவில் ஓடும் அந்தப் பல்லுக்கு அமெரிக்காவில் ஆலன் வில்சன் 1854-இல் காப்புரிமை வாங்கினார். வீட்டு மெஷின்களில் இன்றும் ஓடுவது அதே அசைவு. பல் தள்ளும்போது துணி வழுக்காமல் பிடித்துக்கொள்வது ஃபுட்டின் வேலை. ஃபுட்டை மாற்றினால் தையலே மாறும். நத்தைக் கூடு மாதிரி வாய் சுருண்ட ஒன்று துணி ஓரத்தைத் தானே சுருட்டிக்கொள்ளும். பாதி அறுத்தது போன்ற ஒன்று ஜிப்புக்கு ஒட்டித் தைக்கும். அடியில் வாய்க்கால் வெட்டிய ஒன்று பைப்பிங் கயிற்றின் மேல் ஏறி ஓடும்.

பக்கத்து வீட்டுச் சேச்சிதான் மட்டாஞ்சேரியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று சொன்னார். மெஷின் தலையை ஒரு பழைய உரச் சாக்கில் கட்டித் தூக்கிப் போனேன். ஏலூரில் சாக்குக்கா பஞ்சம்! இங்கே உத்யோகமண்டலில் ஃபாக்ட் உர ஆலை 1947-இல் உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து இது உர ஊர். அந்தச் சாக்கின் வாய்த் தையலைக் கவனித்திருக்கிறீர்களா? சரியான முனையில் நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் பிரிந்துவிடும், சங்கிலித் தையல். என் மகனுக்கு ஐந்து வயதில் நான் காட்டிக்கொடுத்த முதல் வித்தை அதுதான்.

மெக்கானிக்குக்கு அப்போதே எழுபது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் இக்கா (அண்ணா) என்றே கூப்பிட்டேன். சாக்கை அவிழ்த்து, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்து, "மோளே, இது மரிச்சிட்டில்லா" (மகளே, இது சாகவில்லை) என்றார். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மூன்றாம் நாள் எண்ணெய் விட்டுச் சுற்றினார். மெஷின் ஓடியது. ஒன்பது ஃபுட்டில் ஆறு பிழைத்தன.

அன்றிலிருந்து எனக்கு மட்டாஞ்சேரியோடு போக்குவரத்து உண்டு. இந்த முறை போனதற்கு வேறு காரணம். பிழைக்காத மூன்றுக்குப் பதிலாக இணையத்தில் முப்பத்திரண்டு ஃபுட் அடங்கிய செட் ஒன்றை வாங்கினேன். முதல் மாலையிலேயே இரண்டு ஊசி ஒடிந்தது. தையலை ஆசைக்காகச் செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் செட்டுகள் பெரிய சபலம். வயிற்றுப்பாட்டுக்காகத் தைக்கிறவர்கள் இவற்றில் எதைத் தொடுவார்கள், எதை ஒதுக்குவார்கள் என்று பார்த்துவிடத் தோன்றியது.

ஏலூரில் 2024 மார்ச்சில் வாட்டர் மெட்ரோ ஜெட்டி வந்தது. சேரானல்லூர் வழியாக சவுத் சிட்டூர், அங்கே மாறி ஹைகோர்ட், மறுபடி மாறி ஃபோர்ட் கொச்சி. மூன்று படகு. பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் மடியில் இரும்புச் சாமான் பையை வைத்துக்கொண்டு ஆற்றில் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. இறங்கி ஆட்டோவில் கல்வத்தி தாண்டினால் பஜார் ரோட்டின் சுக்கு வாசனை வந்துவிடும்.

இக்காவின் கடை இரண்டு பீரோவை ஒட்டி வைத்த அகலம். நான் செட்டைத் திறந்ததும் ஒரு பழைய ஸ்கேலை எடுத்தார். ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, தட்டிலிருந்து ஃபுட் திருகாணியின் நடு வரை அளந்தார். அரை அங்குலம். "இத்ரேயுள்ளு காரியம்" (இவ்வளவுதான் விஷயம்) என்றார். அரை அங்குலம் வந்தால் குட்டைக் கால், ஒரு அங்குலம் வந்தால் நெட்டைக் கால். நம் வீட்டுக் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் குட்டைக் கால். கார்மென்ட் கம்பெனி மெஷினின் ஃபுட் இவற்றில் ஏறாது. வாங்குவதற்கு முன் ஸ்கேலால் இந்த ஒன்றை அளந்தால் பாதிப் பணம் மிச்சம்.

பிறகு என் முப்பத்திரண்டையும் இரண்டு கும்பலாகப் பிரித்தார். என் மெஷின் நேர்த்தையல் மட்டும் போடும்; ஊசி பக்கவாட்டில் ஆடாது. ஓவர்லாக் போலத் தைக்கும் ஃபுட், காஜா ஃபுட் எல்லாம் ஆடும் ஊசிக்கானவை. ஓவர்லாக் ஃபுட்டின் நடுவில் ஒரு சிறு கம்பி இருக்கிறது. ஆடாத ஊசி நேராக அதன் தலையில் இறங்குகிறது. என் இரண்டு ஊசியும் ஒடிந்தது அங்கேதான். மாட்டியதும் மெஷினை மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கான கும்பலில் பதினொன்று தேறின. அதிலும் அகல வாய் ஃபுட்டுகளை மல் துணிக்குப் போடாதே என்றார். மெல்லிய துணியை ஊசி அந்த வாய் வழியாகத் தட்டின் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பழைய ஒற்றைத் துளை ஃபுட்தான்.

அவர் கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி, நாடக உடுப்பு தைக்கிற ஒருவரிடம் அனுப்பினார். போன நேரம் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் சவிட்டு நாடகமும் ஒரு போட்டி. இந்த நாடகம் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. போர்ச்சுகீசியர் காலத்தில் இந்தக் கரையோரக் கிறித்தவர்களிடையே வளர்ந்தது. ஐரோப்பிய அரசன் சார்லமேனின் கதையைப் பலகை மேடை அதிர மிதித்து ஆடுவார்கள். பாட்டும் வசனமும் பழந்தமிழ் கலந்தவை. சார்லமேனைப் பற்றிய புகழ்பெற்ற காறல்மான் சரிதத்தை எழுதியவர் சின்னத்தம்பி அண்ணாவி, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அண்ணாவி என்ற சொல் யாழ்ப்பாணத்துக் கூத்தில் இன்றும் இருக்கிறது. சவிட்டு என்றால் மிதி. மெஷினை மிதிப்பதையும் மலையாளத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் கடைக்குள் இரண்டு மிதியும் ஒன்றாக இருந்தது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ராஜா அங்கி என்றால் வெல்வெட். வெல்வெட்டைத் தைத்தவர்களுக்குத்தான் அதன் பிடிவாதம் தெரியும். மயிருள்ள பக்கம் இரண்டும் முகம் பார்த்து ஒட்டியிருக்கும். அடித் துணியைப் பல் தள்ளுகிறது, மேல் துணியை ஃபுட் தடுக்கிறது. நடுவில் மயிர் இரண்டையும் வழுக்கிவிடுகிறது. அந்த உடுப்புக்காரர் எனக்காக இரண்டு துண்டை எடுத்து, விரலளவுக்கு ஒன்றாகச் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டுச் சாதாரண ஃபுட்டில் தைத்துக் காட்டினார். ஒரு சாண் தாண்டவில்லை, மேல்கோடும் கீழ்க்கோடும் ஒன்றையொன்று விட்டு விலகிவிட்டன. முடிவில் மேல் துண்டு அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.

"இனி நோக்கிக்கோ" என்று மெஷினின் உச்சியிலிருந்த திருகைத் தளர்த்தினார். அது ஃபுட்டின் அமுக்கத்தைக் குறைக்கும் திருகு. நான் இத்தனை வருஷமாக அதைத் தொட்டதே இல்லை. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபுட்டை எடுத்தார். கடையில் கிடைக்கிற சாதாரண ஃபுட்தான். அதன் ஒரு காலை அரத்தால் முழுவதும் ராவி எடுத்திருந்தார். மிஞ்சிய காலின் நுனி அடியில் படகின் மூக்கு மாதிரி மேலே வளைந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அடிப்பக்கம் கண்ணாடியாகியிருந்தது. "ஒற்றக்கால்" என்று பெயர் சொன்னார். வெல்வெட்டின் மயிர் படுக்கும் திசையிலேயே துணியை வைத்து, வலது கையால் அடித்துணியை முன்னே லேசாக இழுத்துப் பிடித்து, இடது கை இரண்டு விரலை ஃபுட்டுக்குப் பின்னால் வைத்துத் தைத்தார். கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று வந்து சேர்ந்தன. ஜரிகை லேஸ் வைப்பதும் அதே ஒற்றைக்காலில்தான். ரெக்சின் வந்தால் ஃபுட்டின் அடியில் செல்லோடேப் ஒட்டிக்கொள்வாராம், வழுக்கிக்கொண்டு போக.

என் செட்டில் வாக்கிங் ஃபுட் இருந்தது. அதற்கு மேலேயும் ஒரு பல் உண்டு. ஊசிக் கம்பின் திருகில் ஒரு கை மாட்டிக்கொள்ளும். ஊசி ஏறி இறங்க, மேல்பல்லும் துணியைத் தள்ளும். மேலும் கீழும் சமமாக நகரும். அவர் அதை மாட்டி ஒரு நீளத் தையல் போட்டார். நிறுத்தித் துணியைப் புரட்டிப் பார்த்து, இன்னொரு தையல் போட்டார். அங்கியின் பக்கத் தையலுக்கு நன்றாக இருக்கிறது, விரலுக்கு ஓய்வு என்றார். லேஸ் வைக்கும்போது ஊசி முனை கண்ணுக்குத் தெரியவில்லை, வளைவில் கனமாகத் திரும்புகிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். முப்பத்தைந்து வருஷக் கை ஐந்தே நிமிஷத்தில் சொன்ன தீர்ப்பு. எனக்கு வாக்கிங் ஃபுட் இல்லாமல் வெல்வெட் வராது. அவருக்கு அது ஒரு வசதி மட்டுமே. விரல் பழகுவதற்கு ஆயுள் போதாத என்னைப் போன்றவர்களுக்கு, பழகிய விரல்கள் செய்ததைச் செய்துகொடுக்கத்தான் இத்தனை ஃபுட்.

ஒரு அங்கிக்கு நாலு நாள் வேலை. மேடையில் ஆசான் பெயரைச் சொல்வார்கள், ஆட்டக்காரர்கள் பெயரைச் சொல்வார்கள். தைத்தவர் பெயர் எந்த அறிவிப்பிலும் வந்ததில்லை என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தம் தெரியவில்லை. எனக்குத்தான் வருத்தமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

பெயர் வராத அந்தக் கையை நினைத்துக்கொண்டே யூதத் தெரு வழியாக நடந்தேன். 2019-இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்த சாரா கோஹனின் கைவேலைக் கடை இருக்கும் தெரு. யூதர் அணியும் தொப்பிகளையும் அவர்களின் ரொட்டி மூடும் துணிகளையும் தன் கையால் எம்பிராய்டரி செய்து விற்றவர்.

கடைசியாக வேளிக்குப் போனேன், தோபி கானா பக்கம். தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்யும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பக்கத்து அக்கா ஒருத்தி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறாள். "வா தாயி, ஏலூர்லேருந்தா வர்ற?" என்று தமிழில் கேட்டதும் என் கால்வலி போய்விட்டது.

அவளிடம் ஃபுட் ஒன்றே ஒன்று. தட்டில் ஊசிக்கு வலப்புறம் ஒரு சின்னக் காந்தத்தை வைத்திருந்தாள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போனால் தையல் கோணாது. பாவாடை மடிப்புக்கு ஒரு தென்னை ஈர்க்கு. அதில் நகத்தால் கீறிய மூன்று அடையாளம். ஈர்க்கைத் துணிமேல் வைத்து, கீறலிலிருந்து கீறலுக்கு மடித்து, ஈர்க்கை உருவி, அடுத்த மடிப்பு. பேசிக்கொண்டே இருபது மடிப்பு போட்டாள். டேப் வைத்து அளந்து பார்த்தேன், ஒன்றுகூட மாறவில்லை.

நான் பாட்டியின் டப்பாவிலிருந்து ரஃப்ளரை எடுத்தேன். சுருக்கு வைக்கிற கருவி, பார்க்க ஒரு வெட்டுக்கிளி மாதிரி இருக்கும். அதன் கவட்டை ஊசித் திருகில் மாட்டும். தலையில் 1, 6, 12 என்று எண்கள். ஆறில் வைத்தால் ஆறு தையலுக்கு ஒரு மடிப்பு. ஒன்றில் வைத்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு சின்னச் சுருக்கு. அக்கா சீருடைத் துணியில் ஆறில் வைத்து ஓட்டினாள். டக் டக் என்று தகர நாக்கு துணியைத் தள்ள, மடிப்பு வரிசையாக விழுந்தது. அவள் இடுப்பளவுக்கு வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்கடை குறைந்தது.

"நல்லாத்தான் மடிக்குது தாயி. ஆனா இது கணக்குப் பாக்காது. பிள்ளை இடுப்பு இருபத்திரண்டுன்னா இருபத்திரண்டுல முடியணும்ல? ஈர்க்குன்னா நான் கடைசி நாலு மடிப்புல கூட்டிக் குறைச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு உடனே தரவில்லை, கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைக் கவுன் ஆர்டர் வந்திருக்கிறதாம். ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு ஃப்ரில். இரண்டு தளர்தையல் போட்டு நூலை இழுத்துச் சுருக்கி, நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஃப்ரில்லுக்குக் கணக்கு வேண்டாம், துணி மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம். நான் ரஃப்ளரை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கச் சொன்னேன். இந்த ஊர் உப்புக்காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. "துணி வெளுக்கிற வீட்டுல பொறந்தவகிட்ட ஈரத்தைப் பத்திச் சொல்றியா" என்று சிரித்தாள்.

டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில், ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தது. "தாயி, ஆறுல வச்சா ஃப்ரில் முரடா வருது. ஒண்ணுல வச்சேன், தையலைக் கொஞ்சம் சின்னதாக்குனேன், பூ மாதிரி விழுது. அஞ்சு கவுன் முடிச்சிட்டேன், இன்னும் ஏழு இருக்கு. இரு, கேளு." போனை மெஷின் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். டக் டக் டக் என்று அந்தத் தகர நாக்கின் சத்தம் நெடுநேரம் கேட்டது. கோவில்பட்டி வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு, அம்மா தீபாவளித் துணி தைக்கும்போது கேட்ட அதே சத்தம்.