மைதா கலந்திருக்குங்களா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. விளக்கு வைத்துவிட்டு ராத்திரிச் சமையலுக்கு அடுப்பைப் பற்ற வைத்த நேரம், கோயமுத்தூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, கூடப் படிக்கிற பொண்ணுக்குப் பிறந்த நாள். எல்லாரும் மெக்சிகோ சாப்பாட்டு ஓட்டலுக்கு வந்திருக்கோம். இங்கே ரொட்டியெல்லாம் மக்காச்சோள மாவுதான், கோதுமையே இல்லைன்னு சப்ளையர் அண்ணா சொல்றாரு. நான் சாப்பிடலாமாம்மா?"

அன்னூரில் அடுப்படியில் நிற்கிற எனக்கு மெக்சிகோவைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் வாய் தானாகச் சொன்னது: "கண்ணு, என்ன மாவுன்னு கேட்டது போதாது. அதிலே மைதா கலக்கறாங்களான்னு கேளு. எந்தக் கல்லுல சுடறாங்க, எந்த எண்ணெயில பொரிக்கறாங்கன்னு கேளு. குழம்பு கெட்டியாக என்ன போடறாங்கன்னும் கேளு. சப்ளையரை வேண்டாம், உள்ளே சமைக்கறவரையே கேளு."

அவள் கேட்டு வந்து சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். இந்தக் கேள்விகளைக் கற்றுக் கொள்வதற்குள் எங்கள் வீட்டில் என்ன பாடு பட்டோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இன்னொரு தாய்க்காவது அது உபயோகப்படும்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. வயிறு மட்டும் உப்பியிருக்கும், கை கால் குச்சி போல் இருக்கும். அடிக்கடி வயிற்றுப் போக்கு. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம். பூச்சி மருந்து கொடுத்தோம். இரும்புச் சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தும் ரத்தம் ஊறவில்லை. என் மாமியார் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; பேத்தி மேல் அத்தனை பிரியம். நான் செய்தது அதைவிட மோசம். "வெறும் சோத்துல என்ன இருக்கு, கோதுமைதான் பலம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் கோதுமைக் கஞ்சி, பள்ளிக்கூடத்துக்கு பிஸ்கட், ராத்திரி சப்பாத்தி என்று பழக்கினேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் அதட்டி ஊட்டினேன்.

கடைசியில் கோயமுத்தூரில் ஒரு குழந்தை டாக்டர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். "சீலியாக்" என்ற வியாதி என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. மைதாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அது இதனால்தான். இந்த வியாதி உள்ளவர்கள் அதைச் சாப்பிட்டால், உடம்பின் காவல் சக்தியே குடலைத் தாக்குகிறது. ஆகாரச் சத்தை உறிஞ்சுவதற்காகக் குடலுக்குள் துணிநூல் போல் நிற்கும் மெல்லிய விரல்கள் தேய்ந்து போகின்றன. பிறகு எதைச் சாப்பிட்டால் என்ன, உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுவதும் குளூட்டனைத் தொடாமலிருப்பதுதான் வைத்தியம். தொடாமலிருந்தால் குடல் மெள்ள ஆறிவிடும்.

அன்றைக்கு பஸ்ஸில் கோவில்பாளையம் தாண்டும் வரை நான் வாயே திறக்கவில்லை. நோயை என் கையாலேயே உருட்டிச் சுட்டு ஊட்டியிருக்கிறேனே என்று நெஞ்சை அடைத்தது.

பிறகு டாக்டர் ஒரு விஷயம் சொன்னார், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இந்த வியாதிக்குக் கோதுமைதான் காரணம் என்று டாக்டர்களுக்கே வெகுகாலம் தெரியாதாம். ஹாலந்து நாட்டில் டிக்கெ என்ற குழந்தை வைத்தியர் அதைக் கண்டு சொன்னார். யுத்த காலத்தில் 1944-45 குளிர்காலத்தில் அங்கே பெரும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியாகக் கிடந்தபோது இந்த வியாதிக் குழந்தைகள் மட்டும் தேறினார்களாம். ரொட்டி திரும்பி வந்ததும் வியாதியும் திரும்பியது. அவர் 1950-ல் அதைத் தம் ஆராய்ச்சியில் எழுதி வைத்தார்.

நம் பக்கத்தில் இதை யாரும் சட்டென்று சந்தேகப்படாததற்கும் காரணம் உண்டு. 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்று அதிகமாக இது இருப்பதையும், தென்னாட்டில் ஆயிரத்துக்கு ஒருவர் போல்தான் இருப்பதையும் கண்டார்கள். இந்த வியாதிக்கு இடம் கொடுக்கும் பரம்பரைக் கூறு நம்மவர்களிடமும் இருக்கிறது. ஆனால் கோதுமை சாப்பிடும் அளவுதான் வடக்கே மிக அதிகம், தெற்கே குறைவு. இப்போது நம் வீடுகளிலும் தினம் சப்பாத்தியும் புரோட்டாவும் பிஸ்கட்டுமாக ஆகிவிட்டது.

வீட்டில் சமாளிப்பது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கொங்கு நாட்டுச் சாப்பாட்டில் என்ன குறை? அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை, ராகிக் களி, கம்பங்கூழ், சோளச் சோறு, கொள்ளுப் பருப்பு, சாமை, தினை எல்லாமே அவளுக்கு ஆகும். விலை கூடின பாக்கெட் மாவு எதுவும் நான் வாங்கியதில்லை.

ஆனால் இரண்டு இடத்தில் ஏமாந்தேன். ஒன்று மாவு மில். எங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துப் போயிருப்பார்கள். அந்த மாவு மெஷினில் ஒட்டியிருந்து என் ராகியோடு வந்துவிடும். இப்போது அவளுக்கு வேண்டியதைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்சியிலேயே திரித்துச் சலிக்கிறேன். இன்னொன்று பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் காட்டம் தாங்காது என்று பிசினும் மாவும் கூட்டித்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் படித்தபோது திக்கென்றது. தினமும் ரசத்தில் நானே போட்டுக் கொண்டிருந்தேன்! அரிசி மாவு கூட்டிய பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது. பாக்கெட் சாமான்களில் அலர்ஜி விவரம் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருப்பதால், கண்ணாடி போட்டுக் கொண்டாவது படித்துவிட வேண்டும்.

வெளியே சாப்பிடுவதுதான் பெரிய சோதனை. அதை ஒரு கல்யாணத்தில் கற்றேன்.

நெருங்கிய சொந்தம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. வெறும் சோறும் தயிரும் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தி விசாரித்த பெரியம்மா ஒருவர், "ஏன் அம்மணி, கொழந்தைக்கு ரசம் கூட ஊத்தலையா? ரசத்துல கோதுமையா போடறாங்க? ஒரு வாய் சாப்பிட்டா என்னாயிரும்? பொண்ணு ஊட்டுக்காரங்க மனசு நோகுமில்ல?" என்றார். சுற்றி எல்லோரும் பார்த்தார்கள். எனக்குப் பெருங்காயம் ஞாபகம் இருந்தது. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூச்சப்பட்டேன். "கொஞ்சூண்டு ஊத்திக்க கண்ணு" என்று நானே சொல்லிவிட்டேன். பிறகு வந்த பகாளாபாத்தையும் தயிர்சாதம்தானே என்று விட்டேன். அதில் சேமியா கலந்திருந்தது கடைசிக் கவளத்தில்தான் கண்ணில் பட்டது.

அன்று ராத்திரி ஆரம்பித்தது வாந்தி. மூன்று நாள் வயிறு நிற்கவில்லை. நாலாம் நாள் காலையில் கஞ்சி கொடுத்துக் கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "உனக்குக் கேக்க வெக்கமா இருந்துச்சுன்னா, என்னையக் கேக்க விட்டிருக்கலாமில்லம்மா?"

அந்த ஒரு வார்த்தை இன்று வரை எனக்கு மறக்கவில்லை. மற்றவர் மனசு நோகக்கூடாது என்று பார்த்தேன். என் பிள்ளை குடல் நோவதைப் பார்க்கவில்லை.

"துளிதானே" என்பது இந்த வியாதியில் செல்லாது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போனாலே, மூன்று மாதத்தில் குடல் கெடுகிறது என்று இத்தாலிய டாக்டர்கள் 2007-ல் சோதித்துச் சொன்னார்கள். ஒரே சப்பாத்தியில் இதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. சிலருக்கு வாந்தி பேதி என்று வெளியே தெரியாது. உள்ளே தேய்மானம் மட்டும் நடக்கும். "குளூட்டன் இல்லாதது" என்று விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது.

அதற்குப் பிறகு ஓட்டலுக்குப் போனால் கேட்காமல் உட்காருவதில்லை. "குளூட்டன்" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "மைதா, கோதுமை, ரவை கலந்திருக்குங்களா? சாப்பிட்டா ஆஸ்பத்திரிக்குப் போகோணும்" என்று சொன்னால் உடனே மாஸ்டரைக் கூப்பிடுகிறார்கள். கூட்டம் மொய்க்கிற நேரத்தில் போவதில்லை. பதினொரு மணிக்கோ மூன்று மணிக்கோ போனால் நின்று பதில் சொல்ல அவர்களுக்கும் பொழுது இருக்கும்.

இட்லி பெரும்பாலும் ஆகும். தோசை மாவும் ஆகும், ஆனால் தோசைக்கல் ஆகாது. அதே கல்லில்தான் ரவா தோசையும் சப்பாத்தியும் வார்த்து, ஒரே துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறார்கள். உளுந்து வடை ஆகும், ஆனால் மைசூர் போண்டாவும் பூரியும் போட்ட எண்ணெய் ஆகாது. சாம்பாருக்குப் பெருங்காயம், குருமாவுக்குக் கெட்டியாக்கும் மாவு. கோயமுத்தூர் ரோட்டுக் கடைக் காளானை அவள் ஆசையாகப் பார்ப்பாள். அதில் மைதாதான் பாதி. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. அதனால் இட்லி, வெறும் சோறு, தயிர், வாழைப்பழம், வேக வைத்த முட்டை. கையோடு வீட்டுப் பருப்புப் பொடி, ஒரு கரண்டி. வாழை இலையில் சாப்பிடுவது எங்களுக்குப் பெரிய சௌகரியம். முந்தினவர் சாப்பிட்ட தட்டின் பயம் இல்லை.

இனி மெக்சிகோ ஓட்டலுக்கு வருகிறேன். கால் மணி கழித்துக் கூப்பிட்டாள்.

"அம்மா, நல்ல வேளை கேட்டேன். டாக்கோன்னு மடிச்சுத் தர்ற ரொட்டி மக்காச்சோளம்தான், ஆனா உடையாம இருக்கப் பாதி மைதா சேர்க்கறாங்களாம். பரீட்டோங்கறது முழுசும் மைதா. சோள சிப்ஸில மைதா இல்லை, ஆனா மைதாப் பண்டம் பொரிக்கற எண்ணெயிலதான் போடறாங்க. சாஸ்ல மாவு கரைச்சு விடறாங்களாம். சமைக்கற அண்ணனே வெளியே வந்து சொன்னாரு. தனிக் கிண்ணம் கழுவி, சோறு, வேக வெச்ச ராஜ்மா, பச்சையா நறுக்கின தக்காளி வெங்காயம், பட்டர் ஃப்ரூட் மசியல் வெச்சுக் குடுத்தாரு. நல்லாவே இருந்துச்சும்மா. அடுத்த தடவை முன்னாடியே சொன்னா சுத்தச் சோள ரொட்டியைத் தனிக் கல்லுல சுட்டுத் தர்றேன்னாரு."

பிறகு எனக்கும் ஆவல் வந்து விசாரித்தேன். மக்காச்சோளத்தை முதன்முதல் பயிராக்கியதே மெக்சிகோக்காரர்கள்தானாம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து, கல்லில் அரைத்துத் தட்டிச் சுடுவது அவர்கள் பாட்டி காலத்துப் பழக்கம். கோதுமை அங்கே போனது 500 வருஷத்துக்கு முன் ஸ்பெயின்காரர்கள் போன பிறகுதான். நம் கம்பும் சோளமும் போலவே அவர்கள் பழைய சாப்பாடும் என் மகளுக்கு ஆகும். பேர் அல்ல, கலப்புதான் விஷம்.

சகோதரிகளுக்கு ஒன்று சொல்லுவேன். குழந்தை வளராமல், ரத்தம் ஊறாமல், வயிறு உப்பிக் கொண்டே இருந்தால், இந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் சந்தேகத்தில் நீங்களாகவே கோதுமையை நிறுத்தி விடாதீர்கள். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் வியாதி தெரியாமல் போய்விடும். ஒரு குழந்தைக்கு இருந்தால் கூடப் பிறந்தவர்களும் பெற்றவர்களும் பார்த்துக் கொள்வது நல்லது. நாங்களும் பார்த்துக் கொண்டோம்.

இன்றைக்கு என் மகள் என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். இந்தத் தையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வருகிறது. சமையல்காரரிடம் பெருங்காய டப்பாவைக் காட்டச் சொல்லப் போவது யார் என்று எங்களுக்குள் போட்டி. அவள்தான் கேட்பாளாம். நான் கூட நிற்க வேண்டுமாம், அவ்வளவுதான்.