மரச்சீவலில் வடியும் டீசல்

வீட்டில் தயாரிக்கும் பயோடீசலை விட்டு லேசில் போகாத அழுக்கு சோப்பு. பொரித்து மீந்த எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலக்கினால் பயோடீசலும் கிளிசரினும் உண்டாகின்றன. பழைய எண்ணெயில் ஊறியிருக்கும் கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. கிளிசரின் கனம் என்பதால் அடியில் தங்கிவிடும், வடித்துவிடலாம். சோப்பின் ஒரு பகுதி மேலேயே நின்றுவிடும். அதோடு வண்டிக்கு ஊற்றினால் ஃபில்டர் அடைக்கும், எரிந்த சாம்பல் இன்ஜெக்டரில் படியும்.

பிரிட்டனில் இந்த வேலை பெரும்பாலும் வீட்டுத் தோட்டக் கொட்டகைகளில் நடக்கிறது. மூலப்பொருள், மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடைகளின் பழைய எண்ணெய். ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை தயாரிப்பவர்களுக்கு 2007 முதல் எரிபொருள் தீர்வை கிடையாது. ஒரு குடும்பத்துக் காருக்கு அந்த அளவே தாராளம்.

சோப்பைப் போக்கப் பழைய வழி தண்ணீரில் அலசுவது. அவசரப்பட்டுக் கலக்கினால் எல்லாம் மோர்போல வெளுத்துத் திரண்டு, பிரிய நாள்கணக்காகும். பிரிந்த பிறகும் டீசலை உலர்த்த வேண்டும், கழுநீரை எங்கே விடுவது என்ற கவலையும் சேரும். அடுத்து வந்தது அயனி மாற்றுப் பிசின். அது சோப்பைத் திரும்பக் கொழுப்பு அமிலமாக்கி டீசலிலேயே விட்டுவிடுகிறது, விலையும் அதிகம். மூன்றாவது வழியான மரச்சீவலோ தச்சுப்பட்டறையில் இழைப்பு இயந்திரத்தடியில் குவிந்து கிடப்பது. குதிரைக்கும் முயலுக்கும் படுக்கையாக மூட்டை கட்டி விற்பதும் அதுதான்.

நெட்டுக்குத்தாக நிறுத்திய குழாயில் உலர்ந்த சீவலை அமுக்கி நிரப்பி, டீசலை மெல்ல விடுகிறார்கள். அறுவைத்தூள் சரிப்படாது, நனைந்ததும் இறுகிப்போய் வழியை அடைத்துவிடும். சுருள் சுருளான சீவலில் இடைவெளி நிறைய, பரப்பும் நிறைய. மரத்தின் செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள் என்பதால் சோப்பும் மிச்சக் கிளிசரினும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் மேல்பக்கத்துச் சீவலை எடுத்துக் கசக்கினால் விரலில் ஊறிய சோப்புக்கட்டியின் வழவழப்பு தெரியும். அடிப்பக்கத்துச் சீவலில் வெறும் எண்ணெய்ப் பசைதான்.

ஆனால் பாதிக்கு மேற்பட்ட வேலை சீவலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். டீசலில் மெத்தனால் இருக்கும்வரை சோப்பு அதில் கரைந்தே கிடக்கும், கரைந்ததை மரம் பெரிதாகப் பிடிக்காது. மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிப்பது. டீசலை அதற்கு மேல் சூடாக்கி, ஆவியைக் குளிர்வித்து மூடிய கலத்தில் பிடித்தால் அடுத்த தடவைக்கும் உதவும். இதில் அலட்சியம் கூடவே கூடாது: மெத்தனால் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு, அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மெத்தனால் போனபின் டீசலை ஆறவிட்டால் சோப்பு திரிதிரியாகத் திரண்டு அடியில் படிகிறது. மேலே நிற்பதை மட்டும் குழாய்க்கு அனுப்ப வேண்டும். சூட்டோடு அனுப்பினால், வடிந்த பிறகு ஆறும்போது சோப்பு மறுபடி தலைகாட்டும்.

அரைகுறையாக மாறிய எண்ணெயை மரச்சீவல் மாற்றித் தராது. அதைத் தனியே பார்க்க வேண்டும்: 3 மில்லி டீசலை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்கினால், மாறாத எண்ணெய் கரையாமல் அடியில் துளியாக நிற்கும். சோப்புக்குச் சோதனை வேறு. டீசலை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கலந்து, புரோமோஃபீனால் நீலம் இட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நீலம் மஞ்சளாக எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அதைப் பொறுத்தது சோப்பின் அளவு. குழாய்க்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளுக்கு இடையே வித்தியாசம் குறைந்துவிட்டால் சீவலை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கழித்த சீவல் அடுப்பில் நன்றாக எரியும். அதைக் கொட்டகை மூலையில் குவித்து வைப்பதுதான் ஆபத்து. எண்ணெய்ப் பசை காற்றோடு வினைபுரிந்து குவியலின் உள்ளே சூடேறி, தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுக் கட்டிடத்துக்கு வெளியே வைப்பதே முறை.